விடை தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்போம்



பின்னேரம் ஆறு மணியானால் எமது வீடுகளில் ஒரு குரல் கேட்கத் தொடங்கும். "அம்மா, இதுக்கு என்ன விடை?" பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து இப்படிக் கேட்கும்போது எம்மில் பலருக்கு நெஞ்சு கனக்கிறது. "நான் அஞ்சாம் வகுப்புத்தான்", "ஓடித் திரிஞ்ச காலத்தில எங்க படிச்சன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடும் தாய்மாரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆசிரியை அல்ல. மூதூர்ப் பகுதியில் பிறந்து சாதாரண தரம் வரை படித்தவள். 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஊரோடு சேர்ந்து நாங்களும் இடம்பெயர்ந்தோம். அந்த நாட்களில் ஷெல் பட்டு என் கணவர் இறந்தார். அடுத்த வருடம் ஐந்து வயது மகளுடன் கண்டிக்கு வந்து, ஹந்தானை மலையடிவாரத்தில் இருந்த அண்ணன் வீட்டில் தங்கினேன். ஒரு தையல் மெஷின்தான் எமக்குச் சோறு போட்டது.

மகள் வீட்டுவேலை செய்வதற்காக மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்தேன். சில நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கொப்பியுடன் வந்து உட்கார்ந்தது. பிறகு மேலே தோட்டத்து லயத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மகள் பாடசாலையை முடித்து இப்போது ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள். ஆனாலும் பாய் இன்னும் விரித்தபடியே இருக்கிறது. இன்று ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். பரீட்சை நெருங்கினால் ஒன்பது பேர்.

எமது நாட்டில் 1945 ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைமுறையில் இருக்கிறது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் கிடைத்த பேறு அது. 1980 முதல் பாடப்புத்தகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பாடசாலை விட்ட பிறகு வரும் பின்னேரம் இலவசம் அல்ல. கண்டி நகரத்தில் டியூசன் வகுப்பு இல்லாத தெரு இல்லை. ஒரு பாடத்துக்கு ஒரு கட்டணம். அதன் மேல் பஸ் காசு. தகப்பன் இல்லாத வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு எத்தனை வகுப்புக்குக் கட்ட முடியும்?

மாதர் கூட்டம் ஒன்றில் ஒரு சகோதரி சொன்ன செய்தி எனக்கு மறப்பதில்லை. இத்தாலியில் பார்பியானா என்று ஒரு மலைக் கிராமம். 1954 இல் அங்கு சென்ற லொரென்சோ மிலானி என்ற பாதிரியார், பரீட்சையில் தவறிப் பாடசாலையை விட்டு விலகிய ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பித்தார். அந்த மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, ஓர் ஆசிரியைக்கு எழுதும் கடிதமாக ஒரு நூல் எழுதினார்கள். அது 1967 இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. பணக்காரப் பிள்ளை வீட்டுக்குப் போனால் அங்கே சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது, எமக்கு இல்லை என்பது அவர்கள் சொன்ன முக்கியமான விடயங்களில் ஒன்று. எமது மலைகளுக்கும் பொருந்துகிற பேச்சுத்தானே அது!

ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்று நாம் நினைக்கும் வீடுகளிலும் ஆள் இருக்கிறது. இதுதான் இத்தனை வருடம் பாயில் இருந்து நான் கண்டது.

ஒருநாள் தரம் எட்டுப் பையன் ஒருவன் நூற்றுவீதக் கணக்கில் மாட்டிக்கொண்டான். 50 கிலோவில் 8 நூற்றுவீதம் கழிந்தால் மிச்சம் எவ்வளவு? நான் சூத்திரத்தைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கொழுந்து பறித்து முடித்து மகனைக் கூட்டிப்போக வந்திருந்த அவனுடைய அம்மா வாசலில் நின்றபடியே, "நூத்துக்கு எட்டுன்னா அம்பதுக்கு நாலு. மிச்சம் நாப்பத்தாறு" என்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர். "சாக்குக்கும் ஈரத்துக்கும் தராசுல கழிக்கிறாங்களே, அந்தக் கணக்குத்தானே இது? அரைப்பேரா முழுப்பேரான்னு நாங்க மனசுல போட்டுப் பார்க்காத நாளு ஏது?" என்றும் கேட்டார். அன்றுவரை அம்மாவுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்திருந்த பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்னங்களை நான் துணியில் காட்டுவேன். முக்கால் மீற்றர், ஒன்றேகால் மீற்றர் என்று மடித்து வெட்டினால் பிள்ளைக்கு விளங்கிவிடும். ஒரு சட்டைக்கு இரண்டேகால் மீற்றர் என்றால் நான்கு சட்டைக்கு எவ்வளவு என்று கேட்டால் கொப்பி இல்லாமலே விடை வரும்.

புவியியல் பாடத்தில் மகாவலி கங்கை வரும். நீளம் 335 கிலோமீற்றர், இலங்கையின் மிக நீண்ட நதி என்று பிள்ளைகள் மனனம் செய்வார்கள். கண்டிப் பிள்ளைகளுக்குப் பேராதனையில் ஓடும் கங்கையைத் தெரியும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தெரியும். பொல்கொல்லையில் அணை கட்டித் தண்ணீரில் ஒரு பகுதியைச் சுரங்கம் வழியாக உக்குவளைப் பக்கம் திருப்பி, வடக்கே வறண்ட பிரதேசத்துக்கு அனுப்புவதும் படித்திருப்பார்கள். அது போய்க் கடலில் விழும் கொட்டியாரக் குடாவை மட்டும் அவர்கள் கண்டதில்லை. நான் அந்தக் கரையில் வளர்ந்தவள். முகத்துவாரத்தில் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் தண்ணீர் என்ன நிறமாக இருக்கும், மாரி காலத்தில் வெள்ளம் எப்படி வரும், எந்த மீன் எப்போது ஏறும் என்றெல்லாம் சொன்னேன். "மாமி, அப்ப எங்க ஊருத் தண்ணிதான் உங்க ஊருக்கு வந்ததா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அன்றைக்கு அவர்கள் வரைந்த படத்தில் கங்கைக்கு ஒரு முடிவு இருந்தது.

வரலாற்றுக் கேள்வி ஒன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையில் தேயிலை முதன்முதலில் வர்த்தக ரீதியாக எங்கே, யாரால் பயிரிடப்பட்டது? இதற்குப் புத்தகத்தில் விடை உண்டு. 1867 ஆம் ஆண்டு, லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர், 19 ஏக்கர். கண்டியிலிருந்து தெல்தோட்டைப் பக்கம் போனால் அந்தத் தோட்டத்தை இன்றும் பார்க்கலாம். பிள்ளை விடையை எழுதிவிட்டு உரக்க வாசித்தது. அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஐம்பது வருடம் கொழுந்து பறித்து, இப்போது மகனுடன் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அம்மாயி ஒருவர் வெற்றிலை போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பத்தொம்பது ஏக்கரு காட்டையும் தொரை ஒருத்தரேவா வெட்டுனாரு?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் அன்றைய மாலை முழுதும் போயிற்று. தேயிலைக்கு முன்னர் இங்கே கோப்பி இருந்ததையும், 1869 இல் இலைநோய் கண்டு பின்னர் அது அழிந்ததையும் புத்தகத்தில் தேடி எடுத்தோம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்து வந்ததையும், வழியில் நோயாலும் பசியாலும் பலர் இறந்ததையும் அம்மாயி தன் பாட்டி சொன்னபடி சொன்னார். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் போனதையும், 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மிச்சமிருந்தவர்களுக்கும் அது கிடைத்ததையும் நான் சொன்னேன். பரீட்சைக்கு ஜேம்ஸ் டெய்லர் என்றே எழுத வேண்டும். அது சரியான விடை. அதனோடு சேர்த்துத் தெரிந்திருக்க வேண்டியதை அம்மாயிமாரிடம்தான் கேட்க வேண்டும்.

நாட்டார் பாடல் ஒன்று எழுதி வரச் சொன்னாலும் இதே கதைதான். பிள்ளைகள் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து எல்லோரும் ஒரே பாட்டை எழுதிக்கொண்டு போவார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த பெண்கள் அதே வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பார்கள். எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களை இப்படிப்பட்ட வாய்களிலிருந்துதான் கேட்டுத் திரட்டினார். எமது வாயில் இருப்பது இலக்கியம் என்று எமக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்குச் சிங்களம் எழுத வராது. பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழிச் சிங்களத்தில் வீட்டுவேலை வரும். கீழ் வீட்டில் இருக்கும் சிங்களச் சகோதரியின் மகனுக்கு இரண்டாம் மொழித் தமிழில் வரும். இரண்டு வீட்டாரும் பேசி ஒரு ஒழுங்குக்கு வந்தோம். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் அவர் வீட்டுக்குப் போவார்கள். அவருடைய மகன் எங்கள் பாய்க்கு வருவான். "அக்கே, ல, ள, ழ மூன்றையும் எப்படிப் பிரிக்கிறது?" என்று அவரும் சில நாட்களில் வந்து உட்காருவார். அந்த மூன்றையும் சொல்லிப் பழகி எல்லோருக்கும் சிரிப்பு.

இனி, இலக்கியக் கேள்வி ஒன்று. தரம் பத்து மாணவி ஒருத்திக்குப் புறநானூற்றில் பாரி மகளிர் பாடிய பாட்டைக் கொடுத்து, அதில் வெளிப்படும் உணர்வை விளக்குமாறு கேட்டிருந்தார்கள். ஐந்தே அடிகள் கொண்ட பாட்டு. பறம்பு மலையின் தலைவன் பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டுக் கொன்றனர். அவனுடைய பெண்கள் இருவரும் நிலவைப் பார்த்து, சென்ற மாதம் என்ன இருந்தது, இந்த மாதம் என்ன இல்லை என்று சொல்வதே பாட்டு. வழிகாட்டிப் புத்தகத்தில் 'அவலச்சுவை' என்று ஒரே சொல்லில் விடை இருந்தது. அதை எழுதிவிட்டு மாணவி அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தாள்.

அன்று சட்டை தைக்கக் கொடுக்க வந்திருந்த ஒரு சகோதரி பக்கத்தில் இருந்தார். முல்லைத்தீவைச் சேர்ந்தவர். 2009 இல் கணவரையும் வீட்டையும் இழந்து, முகாமில் இருந்து, பின்னர் கண்டியில் வேலைக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். "அக்கா, அதைத் திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்கோ" என்றார். மாணவி வாசித்துப் பொருளும் சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போன மாசத்தைச் சொல்லேக்க அந்தப் பிள்ளையள் அப்பாவை முதல் சொல்லுதுகள், பிறகுதான் மலையைச் சொல்லுதுகள். இந்த மாசத்தைச் சொல்லேக்க மலையை முதல் சொல்லிப்போட்டு அப்பாவைக் கடைசியாச் சொல்லுதுகள். சொல்ல ஏலாததைத்தான் கடைசியாச் சொல்லுவம், தங்கச்சி. வீடு போச்சு, காணி போச்சு எண்டு ஆரிட்டையும் சொல்லலாம். ஆளைச் சொல்ல வாய் வராது."

நாங்கள் பாட்டைத் திரும்பப் பார்த்தோம். அவர் சொன்ன ஒழுங்கு அப்படியே இருந்தது. மாணவி 'அவலச்சுவை' என்ற சொல்லை விட்டுவைத்து, அதன் கீழே இந்தக் காரணத்தைத் தன் சொந்த வசனத்தில் அரைப் பக்கம் எழுதினாள். வகுப்பில் ஆசிரியை அதை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாராம். மூன்று நாள் கழித்து அந்தச் சகோதரி எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அக்கா, எத்தினை புள்ளி?" "பத்துக்கு எட்டு." "மற்ற ரெண்டும் எங்கை போச்சு?" என்று கேட்டார். அவர் சிரித்ததை அன்றுதான் நான் முதன்முதலில் கேட்டேன்.

வீட்டுவேலை எல்லாம் இப்படி ஆறுதல் தருவதில்லை. சில எம்மைச் சுடவும் செய்யும். என் மகள் தரம் நான்கில் படிக்கும்போது 'எனது தந்தை' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, இறந்தகாலத்தில எழுதுறதா, நிகழ்காலத்தில எழுதுறதா?" அது இலக்கணக் கேள்விதான். மெஷினை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா செய்தவற்றை இறந்தகாலத்தில் எழுது, அப்பாவிடமிருந்து உன்னிடம் இருப்பவற்றை நிகழ்காலத்தில் எழுது என்றேன். வலை பொத்துவார், மீன் சுடுவார், கத்தரிக்காயைத் தொடமாட்டார் என்று நான் சொல்லச் சொல்ல, அவற்றைப் பொத்தினார், சுட்டார், தொடவில்லை என்று மாற்றி எழுதினாள். கடைசியில், அப்பாவின் சுருட்டை முடி எனக்கு இருக்கிறது என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கடினமானது. அவர்களில் ஒருவன் என் பாய்க்கு வருகிறான். அவனுடைய தாய் நிகழ்காலத்திலேயே எழுதச் சொன்னார். அவன் அப்படியே எழுதினான். அதைத் திருத்த எமக்கு உரிமை இல்லை. இப்படியான தலைப்பு வந்தால் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசுங்கள். நிலைமையைச் சொன்னால் 'எனது அம்மா' என்றோ 'எனக்குப் பிடித்தவர்' என்றோ மாற்றித் தருவார்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

சகோதரிகளே, என் அனுபவத்தில் பயன்பட்ட சில வழிகளைச் சொல்கிறேன்.

கேள்வியைப் பிள்ளையையே உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போதே பாதி விளங்கும். கேள்வியின் கடைசிச் சொல்லின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள். 'குறிப்பிடுக' என்றால் பெயர் போதும். 'விளக்குக' என்றால் காரணமும் வேண்டும். 'ஒப்பிடுக' என்றால் இரண்டையும் பற்றி எழுத வேண்டும். விடை தெரிந்த பிள்ளைகளும் இதைப் பார்க்காததால் புள்ளியை இழக்கிறார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உடனே, "வா, தேடுவோம்" என்றும் சொல்லுங்கள். என்னிடம் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. விடை கிடைக்காத கேள்விகளை அதில் எழுதிவைப்போம். சிலவற்றுக்கு ஆசிரியரிடம் விடை கிடைக்கும். சிலவற்றுக்கு கண்டி டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவேன்.

பிள்ளையின் எழுத்தை நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது. ஒப்படைகளைக் காசுக்கு அச்சடித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அழகான அட்டையுடன் வரும். பிள்ளைக்கு உள்ளே இருப்பது தெரியாது.

கைத்தொலைபேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்கு ஒரு தொலைபேசிதான் இருந்தது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்து கொப்பி விலை ஏறியபோது பழைய கொப்பிகளின் வெற்றுத்தாள்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தேன். இன்று கேள்வியைப் படம் பிடித்தால் தொலைபேசியே விடை எழுதிக் கொடுக்கிறது. அதைத் தடுக்க எம்மால் முடியாது. ஆனால் "இப்ப தொலைபேசியை மூடிவிட்டு எனக்கு விளங்கப்படுத்து" என்று கேட்க எந்தத் தாயாலும் முடியும். விளங்கப்படுத்த முடிந்தால் பிள்ளை படித்திருக்கிறது. தொலைபேசியில் நல்ல வழிகளும் உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடப்புத்தகங்களை இலவசமாக எடுக்கலாம். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் எமது நாட்டுத் தமிழ் நூல்களை இலவசமாக வாசிக்கலாம்.

தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கொரோனாவால் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்கு அவரவர் ஊரிலுள்ள தன்னார்வலர்கள் மாலையில் கூடிச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். அங்கே அரசாங்கம் செய்தது. இங்கே ஒரு ஒழுங்கையில் மூன்று பெண்கள் நினைத்தால் சிறிய அளவில் செய்யலாம். ஒருவருக்குக் கணக்கு வரும். ஒருவருக்குச் சிங்களம் வரும். மற்றவருக்கு ஒன்றுமே வராவிட்டாலும் பழைய கதை வரும்.

நாம் வீட்டை விட்டோம், காணியை விட்டோம், ஆட்களையும் இழந்தோம். வந்த இடத்தில் எமக்கென்று ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தோம். பிள்ளைகளின் கொப்பிக்குப் பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று அந்தக் கேள்விகளே உங்களுக்குச் சொல்லித் தரும். நாளைக்குச் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, அரை மணித்தியாலம் போதும், போய் உட்காருங்கள். முதல் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், இரண்டாவதை வாசிக்கச் சொல்லுங்கள்.